ஒரே படை, இரண்டு வாசல்கள்: பாஞ்சாலங்குறிச்சியும் ஆரல்வாய்மொழியும்

கூடங்குளத்திலிருந்து மேற்கே 25 கிலோமீட்டருக்குள் ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. திருநெல்வேலியில் புறப்பட்டு நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு என்று வரும் நெடுஞ்சாலை இந்தக் கணவாய் வழியாகத்தான் நாஞ்சில் நாட்டுக்குள் நுழைகிறது. இன்று அங்கே போகிறவர்கள் காற்றாலைகளைத்தான் பார்க்கிறார்கள். 1809 பிப்ரவரி 10 அன்று விடியற்காலையில் கிழக்கிந்தியக் கும்பினியின் படை இந்தக் கணவாயைக் கைப்பற்றியது. தென்முனையில் கும்பினியை ஆயுதமெடுத்து எதிர்த்த கடைசிப் பெரும் படையின் அரண் அன்று உடைந்தது.

அதே 1809ஆம் ஆண்டு, ஜூலை 16 அன்று தென் அமெரிக்காவின் லா பாஸ் நகரிலும், ஆகஸ்ட் 10 அன்று கீட்டோ நகரிலும் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக மக்கள் எழுந்தார்கள். அந்த எழுச்சிகளும் ஒடுக்கப்பட்டன. லா பாஸில் தலைமை தாங்கிய பெத்ரோ தொமிங்கோ முரில்யோ அடுத்த ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார். ஆனால் 15 ஆண்டுகள் கழித்து, 1824 டிசம்பர் 9 அன்று, பெரு நாட்டு மலைச்சமவெளியில் நடந்த அயாகுச்சோ போரில் ஸ்பெயினின் அரசப் பிரதிநிதியே சிறைப்பட்டார். தென் அமெரிக்காவில் ஸ்பானிய ஆட்சி அத்தோடு குலைந்தது. நமக்கோ 1809க்குப் பிறகு 138 ஆண்டுகள் ஆயின.

இரண்டு நிலங்களிலும் வீரத்துக்குக் குறைவில்லை. தோல்விகளும் இரண்டிலும் உண்டு. அங்கே தோற்றவர்கள் மீண்டும் எழுந்து வெல்ல முடிந்தது, இங்கே முடியவில்லை. இதற்கான காரணத்தின் பெரும்பகுதி பாஞ்சாலங்குறிச்சிக்கும் ஆரல்வாய்மொழிக்கும் இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

1801: மண்கோட்டை

வீரபாண்டிய கட்டபொம்மனின் வரலாறு தமிழர் எல்லோருக்கும் தெரியும். 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அவர் தம்பி ஊமைத்துரையும் உறவினர்களும் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். கோட்டை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. கும்பினியின் கணக்கில் அந்த விவகாரம் அதோடு முடிந்தது.

உண்மையான போர் அதற்குப் பிறகுதான் வந்தது. 1801 பிப்ரவரி 2 அன்று ஊமைத்துரையும் கூட்டாளிகளும் சிறையிலிருந்து தப்பினார்கள். ஒரு வாரத்தில், திருநெல்வேலியில் கும்பினிப் படைக்குத் தலைமை வகித்த மேஜர் காலின் மெக்காலே பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தபோது, இடித்த இடத்தில் கோட்டைச் சுவர் மறுபடி நின்றது. ஊர் மக்கள் ஒன்றுகூடி இரவு பகலாக எழுப்பிய மண்சுவர் அது. கைவசம் இருந்த சிறு படையை வைத்துக்கொண்டு அதை எதிர்க்கத் துணியாமல் மெக்காலே பாளையங்கோட்டைக்குத் திரும்பினார். கிளர்ச்சி பரவியது. தூத்துக்குடிக் கோட்டையும் கிளர்ச்சியாளர் கைக்குப் போனது. அங்கே பிடிபட்ட ஆங்கில அதிகாரியைப் பாஞ்சாலங்குறிச்சியார் உயிரோடு விடுவித்தார்கள்.

மார்ச் 31 அன்று மெக்காலே பெரிய படையோடு வந்து தாக்கித் தோற்றார். ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்ட மண்கோட்டைதான் அது. பீரங்கிக் குண்டு கல்சுவரைப் பிளந்து சரிக்கும். குழைத்துக் கட்டிய மண்சுவரோ குண்டை உள்வாங்கிக்கொள்ளும். சுவரில் திறப்பு விழுந்தாலும் உள்ளிருந்தவர்கள் நீண்ட ஈட்டிகளோடு அதை அடைத்து நின்றார்கள். ஏறிய சிப்பாய்கள் ஏறிய இடத்திலேயே விழுந்தார்கள். அன்றைய போர்களில் இறந்த ஆங்கிலேயரின் கல்லறைகள் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் இன்றும் இருக்கின்றன.

மதராஸ் அரசு கர்னல் அக்னியூவை அனுப்பியது. கனரகப் பீரங்கிகள் வந்தன. மே 24 அன்று கோட்டை விழுந்தது. எஞ்சியவர்கள் அணி கலையாமல் வெளியேறினார்கள். காயம்பட்ட ஊமைத்துரை தப்பிச் சிவகங்கையில் மருது சகோதரர்களிடம் போய்ச் சேர்ந்தார். ஜூன் 16 அன்று சின்ன மருதுவின் பெயரில் திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது. ஜம்புத்தீவின் எல்லா வருணத்தாரையும் முசல்மான்களையும் சேர்த்து அழைத்த அறிக்கை அது. ஒரு பாளையத்தின் சண்டை தன் எல்லையைத் தாண்டி நாடு முழுவதையும் நோக்கிப் பேசத் தொடங்கிய தருணம் அதுதான். அக்டோபர் 1 அன்று காளையார்கோவில் வீழ்ந்தது. அதே மாதம் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பர் 16 அன்று ஊமைத்துரையும் அவர் கூட்டாளி செவத்தையாவும் பாஞ்சாலங்குறிச்சியிலேயே கொல்லப்பட்டார்கள். அடுத்த பிப்ரவரியில் எழுபதுக்கு மேற்பட்டவர்கள் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டார்கள். அவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவர்.

மலைக்கு அப்பால்

இந்தப் போர் நடந்த மாதங்களில் ஆரல்வாய்மொழிக்கு மேற்கே என்ன நடந்தது என்ற கேள்வியை நம் பாடநூல்கள் கேட்பதில்லை.

திருவிதாங்கூர் எளிய நாடு அல்ல. 1741இல் குளச்சலில் டச்சுப் படையைத் தோற்கடித்தவர் மார்த்தாண்ட வர்மா. அங்கே பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பின்னர் அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்தார். கடுக்கரை மலையோரம் தொடங்கி, ஆரல்வாய்மொழி வழியாக, கடற்கரையில் வட்டக்கோட்டை வரையில் அமைந்த தென்திருவிதாங்கூர் அரண்வரிசை அந்தக் காலத்தில் உறுதிபெற்றது. கிழக்கே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வரும் எந்தப் படையையும் தடுப்பதே அதன் வேலை. இன்றைய இராதாபுரம் வட்டாரத்து ஊர்கள் அந்த மதிலுக்கு வெளியே, அதன் எதிரில் இருந்த ஊர்கள்.

மதிலின் இருபுறத்தாரும் சில காலம் ஒன்றாக நின்றதும் உண்டு. 1750களில் நெற்கட்டும்செவல் புலித்தேவர் மேற்குப் பாளையங்களைத் திரட்டியபோது திருவிதாங்கூரும் அவரோடு சேர்ந்தது. 1759இல் கும்பினியின் படைத்தலைவர் யூசுப்கான் களக்காட்டுப் பகுதியைத் திருவிதாங்கூருக்கு விட்டுக்கொடுக்க, அந்தக் கூட்டணி உடைந்தது. நெல் விளையும் சில ஊர்களுக்காக ஒரு நாடு தன் கிழக்குத் துணையை இழந்தது. அதன் விலை ஐம்பது ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது.

1795 உடன்படிக்கையால் திருவிதாங்கூர் கும்பினியின் நேச நாடாகிவிட்டது. ஆகவே 1801இல் ஊமைத்துரைக்கு மலைக்கு அப்பாலிருந்து துணை வரவில்லை. பாளையங்களுக்குள்ளேயும் ஒற்றுமை இல்லை. எட்டயபுரம் கும்பினியோடு நின்று பாஞ்சாலங்குறிச்சிக்கு எதிராக ஆள் அனுப்பியது, பிறகு அதன் நிலத்தில் பங்கும் பெற்றது. புதுக்கோட்டைத் தொண்டைமானும் கும்பினியின் பக்கமே இருந்தார்.

போர் முடிந்ததும் கும்பினி செய்தவை போரைவிடத் தீர்க்கமானவை. 1801 ஜூலை 31 உடன்படிக்கையால் ஆர்க்காட்டு நவாபின் கர்நாடகம் முழுவதும் அதன் நேரடி ஆட்சிக்கு வந்தது. டிசம்பர் 1 அன்று ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையக்காரர்கள் கோட்டை வைத்திருப்பதையும் ஆயுதம் வைத்திருப்பதையும் தடை செய்தது. ஊர் ஊராக ஈட்டியும் வாளும் துப்பாக்கியும் பறிக்கப்பட்டன, கோட்டைகள் இடிக்கப்பட்டன. 1803இல் நிலவரித் திட்டம் வந்தது. பாளையக்காரர்கள் வரி கட்டும் ஜமீன்தார்கள் ஆனார்கள். படைக்கு ஆள் திரட்டும் தகுதியோடு இருந்த ஒரு சமூக அமைப்பு இரண்டே ஆண்டுகளில் கலைக்கப்பட்டது. தாமிரபரணிச் சமவெளி, ஒரு படை கேள்வியில்லாமல் நடந்து போகக்கூடிய வெற்றுப் பாதையாக மாறியது.

1809: கணவாய்

தலக்குளத்தில் 1765இல் பிறந்த வேலுத்தம்பி அப்போது திருவிதாங்கூரின் தளவாய். அவர் தொடக்கத்தில் கும்பினியின் பகைவர் அல்ல. அவர் பதவியில் இருந்தபோதுதான் 1805 உடன்படிக்கையும் கையெழுத்தானது. அதன்படி திருவிதாங்கூர் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். கட்ட முடியாமல் நிலுவை ஏறியது. கும்பினியின் ரெசிடென்ட் அரசின் உள்விவகாரங்களிலும் தலையிட்டு நெருக்கினார். அந்த ரெசிடென்ட்தான் காலின் மெக்காலே. 1801 மார்ச்சில் பாஞ்சாலங்குறிச்சிச் சுவரில் தோற்றுத் திரும்பிய அதே மெக்காலே.

1808 டிசம்பர் 28 இரவு வேலுத்தம்பியின் ஆட்களும் கொச்சி அமைச்சர் பாலியத்து அச்சனின் ஆட்களும் கொச்சியில் மெக்காலேயின் இல்லத்தைத் தாக்கினார்கள். அவர் தப்பி ஆங்கிலக் கப்பலில் ஏறிக்கொண்டார். 1809 ஜனவரியில் வேலுத்தம்பி குண்டறையில் தம் பிரகடனத்தை வெளியிட்டார். ஆங்கிலேயரை விட்டுவைத்தால் உப்பு முதல் எல்லாவற்றையும் தம் ஏகபோகமாக்குவார்கள், மனைக்கும் நிலத்துக்கும் தாங்க முடியாத வரி விதிப்பார்கள் என்று அது எச்சரித்தது. கொல்லத்தில் கர்னல் சால்மர்ஸின் படையோடு கடும் சண்டைகள் நடந்தன. கோழிக்கோட்டுச் சாமூதிரியிடம் வேலுத்தம்பி உதவி கேட்டார், கிடைக்கவில்லை.

கும்பினி மூன்று பக்கமிருந்து வந்தது. கொல்லத்தில் ஏற்கெனவே ஒரு படை இருந்தது. வடக்கே மலபாரிலிருந்து இன்னொன்று இறங்கியது. முக்கியமான மூன்றாவது படை கர்னல் ஆர்தர் செயின்ட் லெஜரின் தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டு, பாளையங்கோட்டை வழியாகத் தாமிரபரணியைக் கடந்து, தென்கோடிச் சமவெளியில் நடந்து ஆரல்வாய்மொழிக்கு வந்தது. அதில் பிரிட்டிஷ் அரசின் 69ஆம் ரெஜிமெண்டும் மதராஸ் சுதேசிக் காலாட்படையும் குதிரைப்படையும் இருந்தன. இலங்கையிலிருந்து வந்த ஆப்பிரிக்க வீரர்களின் பிரிவும் சேர்ந்துகொண்டது. வழியில் ஓர் இடத்திலும் அந்தப் படைக்குத் தடை இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன்பாக இருந்தால் அதன் பின்புறத்தில் பாஞ்சாலங்குறிச்சி இருந்திருக்கும், சிவகங்கை இருந்திருக்கும். தானிய வண்டியும் வெடிமருந்து வண்டியும் அவ்வளவு எளிதாகக் கணவாய்வரை வந்திருக்காது.

கணவாயை நேராகத் தாக்குவது கடினம். மதிலின் இரு முனைகளும் மலையில் ஏறி நின்றன. தெற்குக் குன்றின் மேலிருந்த கொத்தளம் கணவாய் முழுவதையும் தன் பீரங்கி வீச்சில் வைத்திருந்தது. அந்தக் குன்றில் முள்ளும் பாறையும் நிறைந்த சரிவு வழியாக இரவோடு இரவாக ஏறும் பொறுப்பை மேஜர் ஜேம்ஸ் வெல்ஷ் ஏற்றார். அந்தப் பக்கம் ஏற முடியாது என்ற நம்பிக்கையில் அங்கே காவல் தளர்ந்திருந்தது. பல மணி நேரம் ஏறிப் பிப்ரவரி 10 அன்று விடிவதற்குள் வெல்ஷின் ஆட்கள் மேலிருந்து கொத்தளத்தில் பாய்ந்தார்கள். உயரம் போனதும் கீழே மதிலில் நிற்க முடியவில்லை. காவல் படை பின்வாங்கியது. நாகர்கோவில் பக்கம் இன்னொரு சண்டை நடந்தது. உதயகிரிக் கோட்டையும் பத்மநாபபுரமும் அதன்பின் சண்டையின்றி வீழ்ந்தன. மன்னர் பலராம வர்மா தளவாயைக் கைவிட்டார். வேலுத்தம்பி மண்ணடிக் கோயிலில் ஒளிந்திருந்து, பிடிபடும் நிலை வந்தபோது உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் உடலைத் திருவனந்தபுரத்தில் தொங்கவிட்டார்கள். இறந்தவர் உடலுக்குச் செய்த இந்த இழிவைக் கவர்னர் ஜெனரல் மிண்டோவே கண்டித்தார்.

இந்த வெல்ஷும் 1801இல் பாஞ்சாலங்குறிச்சியில் இருந்தவர்தான். பிறகு காளையார்கோவில் போரிலும் பங்கெடுத்தவர். 1830இல் வெளியான அவருடைய இராணுவ நினைவுக்குறிப்புகள் இரண்டு போர்களையும் ஒரே நூலில் சொல்கின்றன. சின்ன மருது தமக்கு வளரி வீசவும் ஈட்டி எறியவும் கற்றுத்தந்ததையும், அதே சின்ன மருதுவை வேட்டையாடிப் பிடித்ததையும் அவர் எழுதியிருக்கிறார். கூடங்குளத்துக்கு அருகே இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1881இல் திருநெல்வேலிச் சரித்திரத்தை எழுதியபோது வெல்ஷின் நூலை எடுத்தாண்டார்.

ஒரே ரெசிடென்ட், ஒரே படை அதிகாரி, ஒரே மதராஸ் அரசு. எதிரில் நின்றவர்கள் மட்டும் தனித்தனி ஆட்கள், தனித்தனி ஆண்டுகள். கும்பினிக்கு இது தொடர்ந்து நடந்த ஒரே போர். முதல் பாதியில் கற்றதை அதன் அதிகாரிகள் இரண்டாம் பாதியில் பயன்படுத்தினார்கள். வேலுத்தம்பிக்கு ஊமைத்துரையின் அனுபவத்தைச் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை.

காலமும் தவறிப்போனது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது கணவாய்க்கு மேற்கே அமைதி நிலவியது. 1809 கோடையில் மதராஸ் படையின் ஐரோப்பிய அதிகாரிகளே ஆளுநர் பார்லோவுக்கு எதிராகக் கலகம் செய்தார்கள். ஆரல்வாய்மொழியை வென்ற செயின்ட் லெஜரே மே மாதம் இடைநீக்கம் செய்யப்பட்டார். கும்பினியின் படை உள்ளுக்குள் பிளவுபட்ட அந்த மாதங்களில் தெற்கே அதை எதிர்க்க ஆயுதம் தாங்கிய ஒரு கை கூட இல்லை.

அயாகுச்சோவுக்குப் போன வழி

தென் அமெரிக்காவிலும் தொடக்கம் இப்படித்தான் இருந்தது. 1781இல், ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து எழுந்த இரண்டாம் தூப்பாக் அமாரு கூஸ்கோ நகரில் கொல்லப்பட்டார். 1812இல் வெனிசுவேலாவின் முதல் குடியரசு விழுந்தது. 1814 அக்டோபரில் ராங்காகுவாவில் சிலியின் விடுதலைப் படை நொறுங்கியது. ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு தனித்தனி எழுச்சி, தனித்தனித் தோல்வி.

பிறகு ஒரு மாற்றம் வந்தது. சிலியில் தோற்றவர்கள் ஆண்டிஸ் மலையைக் கடந்து அர்ஜென்டினாவின் மெந்தோசாவுக்கு வந்தார்கள். அர்ஜென்டினத் தளபதி சான் மார்ட்டின் அங்கே அவர்களையும் தம் படையில் சேர்த்துக்கொண்டு 1817இல் மலையைத் திரும்பக் கடந்தார். சாகாபூகோவிலும் 1818இல் மைப்பூவிலும் வென்றார். சிலி விடுதலையானதும் அதோடு நிற்காமல், 1820இல் வால்பரைசோ துறைமுகத்திலிருந்து பெருவுக்குக் கப்பலேறினார். வடக்கே வெனிசுவேலாவின் பொலிவார் 1819இல் ஆண்டிஸைக் கடந்து ஆகஸ்ட் 7 அன்று போயாகாவில் வென்றார். பிறகு தெற்கே இறங்கினார். கண்டத்தின் இரு முனைகளில் கிளம்பிய போர்கள் பெருவில் கலந்தன. அயாகுச்சோவில் பொலிவாரின் தளபதி சூக்ரேயின் தலைமையில் நின்ற 6,000க்குச் சற்றுக் குறைவான வீரர்களில் இன்றைய வெனிசுவேலா, கொலம்பியா, எக்வடோர், பெரு, சிலி, அர்ஜென்டினா நாட்டவர்கள் இருந்தார்கள். எதிரே 9,000க்கு மேற்பட்ட அரசப் படை நின்றது. அதிலும் பெரும்பாலோர் அந்த மண்ணில் பிறந்தவர்கள்தான், கும்பினிப் படையில் நம் சிப்பாய்கள் இருந்ததைப் போல. தன் ஊர் விடுதலையானபின் அடுத்த ஊருக்காக மலை ஏறியவர்கள் அந்தக் கண்டத்தை மீட்டார்கள்.

ஒப்பீட்டின் எல்லை

ஒற்றுமை மட்டுமே வேறுபாடு என்று சொன்னால் அது நேர்மையாகாது. 1808இல் நெப்போலியன் ஸ்பெயினைப் பிடித்தபோது அதன் பேரரசுக்குத் தலையே இல்லாமல் போனது. 1820 ஜனவரியில் அமெரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்த ஸ்பானியப் படையே காடிஸ் அருகே கலகம் செய்தது. பிரிட்டனோ அதே ஆண்டுகளில் உச்சத்தில் இருந்தது. சிலியர்கள் காக்ரேன் என்ற பிரிட்டிஷ் மாலுமியின் தலைமையில் கடற்படை அமைத்துப் பசிபிக் கரையைக் கைப்பற்றினார்கள். நம் கிளர்ச்சியாளர்களுக்குத் தூத்துக்குடிக் கரை சில வாரம் கிடைத்தும் கடல் கிடைக்கவில்லை. குளச்சலில் வென்ற நாட்டிடம்கூட 1809இல் கடலில் எதிர்க்கும் வலு இல்லை.

சமூக அடித்தளத்தையும் பார்க்க வேண்டும். குண்டறைப் பிரகடனம் வரிச்சுமையைப் பேசியது. கூடவே கோயில் முறைகளையும் சாதி ஆசாரங்களையும் காக்க அழைத்தது. அந்த ஆசாரங்களின் கீழ் நசுங்கிக் கிடந்த தென்திருவிதாங்கூர் மக்களுக்கு அந்த அழைப்பில் என்ன இருந்தது? தென் அமெரிக்காவிலும் ஸ்பானிய வழிவந்த நிலவுடைமையாளர்களே தலைமை வகித்தார்கள். வெற்றிக்குப் பிறகும் மலைவாழ் பூர்வகுடிகளின் துன்பம் தீரவில்லை. ஆனாலும் 1816இல் ஹெய்ட்டியின் அதிபர் பெத்தியோன் ஆயுதம் தந்தபோது அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். பொலிவார் அதை ஏற்றார். போரின் நடுவில் தங்கள் நோக்கத்தை விரிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு நேர்ந்தது. அதனால் படையும் விரிந்தது. சின்ன மருதுவின் திருச்சி அறிக்கையில் அப்படியொரு விரிவின் தொடக்கம் இருந்தது. அது வளரக் காலம் கிடைக்கவில்லை.

இவ்வளவையும் கழித்துப் பார்த்தாலும் ஒன்று நிற்கிறது. 1801இல் திருவிதாங்கூரும் 1809இல் திருநெல்வேலிச் சீமையும் வாளாவிருந்த ஒரே காரணத்தால், ஒரு கோட்டையை முடித்துவிட்டு நிதானமாக அடுத்த கோட்டைக்குப் போகும் வசதி கும்பினிக்குக் கிடைத்தது. ஆரல்வாய்மொழியின் கிழக்கு அரண் உண்மையில் பாஞ்சாலங்குறிச்சியின் மண்சுவர்தான். அது இடிந்த அன்றே கணவாயின் கதி பாதி முடிவாகிவிட்டது.

பிரித்துப் படிக்கும் வரலாறு

அந்தப் பிரிவு இன்று வரலாற்றுப் பாடத்தில் தொடர்கிறது. ஊமைத்துரை தமிழ்நாட்டு வீரர். வேலுத்தம்பி கேரள வீரர். வேலுத்தம்பி பிறந்த தலக்குளமும் அவர் படை உடைந்த ஆரல்வாய்மொழியும் 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் இருக்கின்றன; ஆனால் நம் மாணவர்களில் பெரும்பாலோர்க்கு அவர் பெயர் தெரியாது. மண்ணடியிலும் குண்டறையிலும் அவரைப் போற்றுகிறவர்களுக்கு, அவரை ஒடுக்கிய மெக்காலேயை ஒருமுறை புறமுதுகிடச் செய்த மண்கோட்டையின் கதை சொல்லப்படுவதில்லை. பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக்கோட்டை இருக்கிறது. அங்கே 1809ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழியில் எஞ்சிய மதில் பகுதிகளை அளந்து பதிவுசெய்து, தெற்குக் குன்றில் என்ன நடந்தது என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைக்க வேண்டும். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டப் பள்ளிகள் மாணவர்களைப் பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து கணவாய் வரை ஒரே நாளில் அழைத்துச் சென்று காட்டலாம். சாலை இருக்கிறது, தூரமும் அதிகமில்லை.

கும்பினி இந்த இரண்டு போர்களையும் ஒன்றாகவே கருதி நடத்தியது, அதனால் வென்றது. தோற்ற இரு தரப்பின் வழிவந்த நாமாவது அவற்றை ஒன்றாகப் படித்தால்தான், அந்தத் தோல்வியிலிருந்து கற்க வேண்டியதை முழுதாகக் கற்றவர்களாவோம்.